எண்பத்துநாலு கிலோ

புவனேந்திரன் சோற்றை விட்டான். தேநீருக்குச் சீனி போடுவதை விட்டான். பொரித்த மீனை விட்டான். கொத்துரொட்டிக் கடை இருக்கும் தெருவால் போவதையே விட்டான். சாராயத்தை மட்டும் விடவில்லை. விட வேண்டியவற்றில் அதுவும் ஒன்று என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாமற்போனது அவனுடைய புத்தியின் குறை மட்டும்தானா என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. மண்டூர்க்காரன். நெல் வெட்டும் மெசின் ஓட்டுகிறவன். தொண்ணூறாம் ஆண்டு, அவனுக்கு ஏழு வயதாக இருக்கையில், இராணுவச் சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்து லொறியில் ஏற்றினார்கள். ஏற்றியதைப் பலர் கண்டார்கள். இறக்கியதைக் கண்டவர் ஒருவருமில்லை. அடுத்த மாரியில் அகதி முகாமில் அம்மா காய்ச்சலில் போனாள். மிஞ்சியது அக்கா அஜந்தா. அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பிறத்தியாரின் வயல்வட்டையில் களை பிடுங்கினாள். அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடந்த கதிர் பொறுக்கினாள். கஞ்சித் தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, அடியில் கிடந்த சோற்றைத் தம்பிக்கு வழித்துப் போட்டாள். அவனுடைய உடம்பில் அவள் ஊட்டி வளர்க்காத எலும்பு ஒன்றும் இல்லை.

மெசின் ஆசனத்தில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு வயிறு வைத்தபோது ஊர் கேலி செய்தது. அக்கா மட்டும் சந்தோஷப்பட்டாள். “கிடக்கட்டும் கா. பசி கிடந்த உடம்பு” என்று கேட்டவர்களுக்குச் சொன்னாள்.

அவள் குருக்கள்மடத்தில் கட்டிப்போனவள். புருஷன் செத்து எட்டு வருடம். ஒரே மகள் பிரஷாந்தி, இருபத்திரண்டு வயது, கலியாணம் பேசி முடித்திருந்தது. இப்படியிருக்கையில்தான் அஜந்தாவின் கால்கள் வீங்கின. பிரஷர் என்று தெரியாமலே பல வருடம் கிடந்த பிரஷர் இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டக்களப்புக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வந்தாள். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். பிரஷாந்தி உடனே முன்வந்தாள். தாய் ஒரே பேச்சில் மறித்தாள்.

“எண்ட பிள்ளையிட்ட நான் எடுக்க மாட்டன். அது இன்னும் கலியாணம் கட்டல்ல, பிள்ளை பெறல்ல. அதை வெட்டித்தான் நான் இருக்கணுமெண்டா எனக்கு இந்த உசிர் வேணாம்.”

“நான் இருக்கன் அக்கா” என்றான் புவனேந்திரன். அவனுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கார்த்திகையில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரத்தம் பொருந்தியது. எல்லாம் பொருந்தியது. உடம்புதான் பொருந்தவில்லை. தொண்ணூற்றாறு கிலோ. எண்பத்துநாலுக்கு வந்தால்தான் கத்தி வைக்கலாம், பங்குனிக் கடைசியில் திரும்பி வாருங்கள் என்றார் அங்கிருந்த பெண் டொக்டர். பிறகு, படிவத்தைப் பார்த்துக்கொண்டே, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

“குடிப்பீங்களா?”

“இல்ல டொக்டர்.”

அது அவனைப் பொறுத்தவரை பொய்யில்லை. குடிகாரன் என்பவன் பாருக்குப் போகிறவன், சொந்தக் காசில் வாங்குகிறவன், பொண்டாட்டியை அடிக்கிறவன். புவனேந்திரன் தன் வாழ்நாளில் தன் கையால் ஒரு போத்தல் வாங்கியது கிடையாது. போத்தல் அவனைத் தேடி வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் அது: பெரிய நிலக்காரரான போடியார் ஒருவரின் வயலில் கடைசி வரவைத் துண்டை வெட்டி மெசின் கரையேறியதும் மெசின்காரனுக்கு ஒரு போத்தல் நீட்டுவார்கள். நாட்கூலியைக் கூட்டிக் கேட்டால் முகம் சுருங்குகிற அதே போடியார் இதைக் கேளாமலே தருவார். அதற்குப் பெயர் மரியாதை. உழைக்கிறவனுக்கு உடம்பைக் கெடுக்கும் சாமானைக் கொடுத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்தவன் பெரிய கெட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு போத்தல் நெல் வாங்கும் வினாயகமூர்த்தி முதலாளியிடமிருந்து வந்தது. அறுவடைக் காலத்தில் அவர் தன் லொறியையும் தராசையும் வட்டைக் கரையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மெசினிலிருந்து கொட்டும் நெல்லை எங்கே நிறுப்பது என்று தடுமாறும் சின்னக் கமக்காரருக்கு, “முதலாளிட தராசு அந்தா நிக்குது” என்று கைகாட்ட வேண்டியது மெசின்காரனின் வேலை. கைகாட்டினால் ஒரு போத்தல். ஒன்பது வருடமாகப் புவனேந்திரன் கைகாட்டிக்கொண்டிருந்தான்.

கண்டியிலிருந்து வந்த மறுநாளே அவன் தொடங்கினான். மனைவி யோகா ஒன்றரைச் சுண்டு அரிசியில் இரண்டு பிள்ளைகளுக்கும் தனக்கும் சமைத்துவிட்டு, அவனுக்குக் குரக்கன் ரொட்டியும் குறிஞ்சா இலைச் சுண்டலும் வைத்தாள். பொழுது விடியும் முன் வாய்க்கால் கட்டில் நடந்தான். பசித்தது. ஏழு வயதில் பசித்த மாதிரியே பசித்தது. அக்காவை நினைத்து அதைத் தாங்கினான். அந்தப் பசியில் பொய் இல்லை. அதை நான் கடைசிவரை சொல்வேன்.

ஊர் முழுவதும் அவனுடைய சோற்றைக் காவல் காத்தது. கலியாண வீட்டில் அவன் பந்தியில் உட்கார்ந்தால், “ஆருக்குக் கா சோறு போடுறாய்? அவருக்குப் போடாத!” என்று பத்துப் பேர் கத்தினார்கள். போத்தலை யாரும் காவல் காக்கவில்லை. மாறாக அது கூடியது. “கூடப்பிறந்தவளுக்கு உறுப்புக் குடுக்கப்போற மனிசன்” என்று மெச்சிய ஒரு போடியார் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு போத்தல் கொடுத்தார். இன்னொருவர் அவனைத் தன் கதிரையில் உட்காரவைத்துத் தானே ஊற்றிக் கொடுத்தார். மனிதனைப் பாராட்ட எங்களுக்கு வேறு எந்தப் பாஷையும் தெரியாமற்போய்விட்டது.

மெசினின் சொந்தக்காரன் ஹலீம்தான் ஒருநாள் கேட்டான். இருவரும் பத்து வருடச் சிநேகிதர். ஹலீம் மதுவைத் தொடாதவன். வயிறு மட்டும் புவனேந்திரனுக்குச் சமம்.

“என்ன மச்சான், மூஞ்சி காஞ்சு போய்க் கிடக்கு?”

“சோத்த உட்டாச்சு. மெலியணும்.”

“அப்ப இது?” ஆசனத்துக்கு அடியில் கிடந்த போத்தலை ஹலீம் காலால் தட்டினான்.

“அதில என்ன சோறா இருக்கு? தண்ணிதானே. கொறிக்கவும் ஒண்டும் எடுக்கிறல்ல. வெறும் வயித்தில ஊத்தினா அது கொழுப்ப உருக்கும்.”

“நான் பொறந்து இத தொட்டதில்ல. எண்ட வயித்தப் பாரு, உருகாம இரிக்கி.”

“அது உண்ட பொஞ்சாதிட புரியாணி.”

ஹலீம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். “பகிடிய உடு. உண்ட ராத்தாக்குக் குடுக்கப்போற சாமானுக்கு மேல ஏன்டா இத ஊத்துறாய்?”

“இது பழுதாக்கிறது ஈரல. நான் ஈரலக் குடுக்கல்லையே.”

ஹலீம் எண்ணெய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அறுவடை நேரத்தில் மெசின்காரனைக் கோபிக்க அவனால் முடியாது.

கொழுப்பை உருக்கும் என்ற கதையைப் புவனேந்திரன் ஊரிலும் கேட்டிருந்தான், கைபேசியிலும் கேட்டிருந்தான். உடம்பைக் கட்டுக்கட்டாக வளர்த்த ஒரு இளைஞன், ‘சாராயத்தில் மாச்சத்து இல்லை’ என்று காணொளியில் சொன்னான். அது உண்மை. அதற்கு அடுத்து அவன் சொன்னதைக் கேட்குமுன் புவனேந்திரன் கைபேசியை மூடிவிட்டான். தனக்கு வேண்டியது கிடைத்த இடத்தில் காதை மூடிக்கொள்வது அவனுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அரைப் போத்தலில் அறுநூற்றுச் சொச்சம் கலோரி. அவன் பல்லைக் கடித்துத் தியாகம் செய்த சோற்றில் பெரும்பகுதி அந்தக் கண்ணாடிக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தது. போதாததற்கு, உடம்பு முதலில் சாராயத்தைத்தான் எரிக்கும். கொழுப்பு தன் முறை வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். இவ்வளவையும் ஒரு சிறு பிள்ளைக்குப் புரியும்படி பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்வதற்கு ஆளில்லை. கோயில் ஒலிபெருக்கிக்கு ஆளிருந்தது.

தை மாதக் கடைசியில் ஒரு மத்தியானம், நிறுவை ஓய்ந்திருந்த வேளையில், அவன் வினாயகமூர்த்தியின் தராசில் ஏறினான். மின்சாரத் தராசு. முதலாளி பக்திமான், ஒவ்வொரு காலையும் முதல் மூட்டையைப் போடுமுன் தராசின் நெற்றியில் திருநீறு பூசிச் சந்தனப் பொட்டு வைப்பார். பொட்டுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் எண் விழுந்தது: எண்பத்தேழு.

“முதலாளி, எத்தினை காட்டுது?”

“எண்பத்தேழு, தம்பி. அட! ஒம்பது கிலோ இறங்கிட்டாயே. நேர்த்தி வெச்சயா?”

“இல்ல முதலாளி. சோறு விட்டன்.”

“பிள்ளையார் கண் திறந்திட்டார்” என்று சொல்லி முதலாளி அவனுக்கு ஒரு அரைப் போத்தல் கொடுத்தார்.

அன்று அவனுக்கு எல்லாம் நிரூபணமாகிவிட்டது. குடித்துக்கொண்டே ஒன்பது கிலோ! பங்குனி நடுவில் மறுபடி ஏறினான். எண்பத்துநாலு. இறங்கி நேரே துறைக்குப் போய், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து, குருக்கள்மடத்தில் அக்காவின் படலையைத் திறக்கும்போதே கத்தினான்.

“அக்கா! எண்பத்துநாலு!”

அஜந்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் புடைத்துக் கறுத்திருந்தது. அவனுடைய கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “எண்ட பிள்ள பசி கிடந்துதான் எனக்கு உசிர் தரவேண்டிக் கிடக்கு” என்று அழுதாள். பிரஷாந்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், சீனி இல்லாமல். “மாமா, உங்களை மாதிரி மனக்கட்டு ஆருக்கும் வராது” என்றாள்.

அந்த வட்டாரத்தில் வினாயகமூர்த்தியின் தராசு சரி என்று நம்பியவர் ஒருவரும் இல்லை. எழுபது கிலோ மூட்டையை வைத்தால் அறுபத்தைந்து காட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். புவனேந்திரனுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் புருஷனை இழந்த ஒரு பெண், தனியே விதைத்த ஒன்றரை ஏக்கர் நெல்லை அங்கே நிறுத்துவிட்டு, “தம்பி, வீட்டில அளந்ததுக்கும் இதுக்கும் கனக்கக் குறையுதே?” என்று அவனிடம்தான் கேட்டாள். “ஈரம் கா, ஈரக் கழிவு” என்று அவன்தான் சொல்லி அனுப்பினான். அன்றும் ஒரு போத்தல் கிடைத்தது. அப்படிப்பட்டவன் அதே தராசில் தன் உடம்பை வைத்து, அது சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நெல்லுக்குப் பொய் சொல்வது மனிதனுக்கு மெய் சொல்லும் என்று நினைத்தான். ஊர் மருந்தகத்தில் ஒரு தராசு சும்மா நின்றது. அதில் ஏற அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை, மனமும் வரவில்லை.

பங்குனிக் கடைசியில் கண்டி ஆஸ்பத்திரித் தாதி அவனை நிறுத்துப் பார்த்தாள். தொண்ணூறரை.

“மிஸ், உங்கட தராசு பிழை போல” என்றான்.

அவள் மறுபேச்சில்லாமல் அடுத்த அறைத் தராசில் ஏற்றினாள். தொண்ணூறரை.

இரத்தப் பரிசோதனை முடிவு பின்னேரம் வந்தது. டொக்டர் இந்த முறை கேள்வியாகக் கேட்கவில்லை. “நீங்க குடிக்கிறீங்க. நிறையக் குடிக்கிறீங்க. ஈரல் வீங்கியிருக்கு.” அஜந்தாவும் பிரஷாந்தியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். புவனேந்திரன், “அது வேலையில தாறது டொக்டர்” என்றான். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எப்படிக் கேட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

ஒரு சொட்டும் இல்லாமல் மூன்று மாதம் இருந்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்கலாம் என்றார் டொக்டர். ஆனால் அக்காவுக்கு மூன்று மாதம் இருக்கவில்லை. கையில் ஊசி ஏற்ற நரம்பு மிஞ்சவில்லை. கழுத்தில் போட்ட குழாயும் இரண்டு தரம் சீழ்ப்பிடித்துவிட்டது. வேறு யாரும் உண்டா என்று டொக்டர் கேட்டார்.

“நான்” என்றாள் பிரஷாந்தி.

“வேணாம்!” அஜந்தா கதிரையை விட்டு எழும்பினாள். “தம்பி, நீ சொல்லு! உன்னாலதான் மறிக்க ஏலும், சொல்லு!”

அவன் வாயைத் திறந்தான். எந்த முகத்தோடு சொல்வது? பிரஷாந்திதான் பேசினாள். “அம்மா, அஞ்சு மாசமா நீங்க சொன்னதக் கேட்டு நான் பேசாம இருந்தன். அந்த அஞ்சு மாசமும் போத்தலுக்குள்ள போயிட்டுது. இனி நீங்களும் கதைக்கப்படாது, மாமாவும் கதைக்கப்படாது.”

மண்டூருக்கு வந்ததும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வினாயகமூர்த்தியின் நெற்களஞ்சியத்துக்குப் போனான். அங்கே நாலைந்து கமக்காரர் மூட்டைகளோடு நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே தராசில் ஏறி நின்றான். எண்பத்துநாலு காட்டியது.

“கண்டியில தொண்ணூறரை. இஞ்ச எண்பத்துநாலு. ஆறரைக் கிலோ எங்க முதலாளி?”

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. “தம்பி, ஆளுக்கெண்டு நான் வேற தராசா வெச்சிருக்கன்? நெல்லுக்குக் காட்டுறதத்தான் உனக்கும் காட்டும். ஒம்பது வரிசமா இதடியில நிண்டனீ. உனக்குத் தெரியாதா?”

“ஏறக்குள்ளயே சொல்லியிருக்கலாமே முதலாளி. எண்ட அக்காட உசிர்.”

“கேட்டயா? எத்தினை காட்டுதெண்டு கேட்டாய், சொன்னன். சரியாக் காட்டுதா எண்டு ஒருநாளும் கேக்கல்லையே. நீ கேக்க மாட்டாயெண்டுதானே நான் உனக்குப் போத்தல் தந்தன்.”

புவனேந்திரன் கமக்காரர் பக்கம் திரும்பினான். “பாத்தீங்களா? கேட்டீங்களா? இந்தா எண்ட உடம்பே சாட்சி!”

அவர்களில் வயதான ஒருவர் பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னார். “தெரியும் மனே. எங்களுக்கு எப்பயோ தெரியும். வேற ஆர் வந்து வாங்குவான்? மழ இருட்டுது, இறங்கு. மூட்டையப் போடணும்.”

அவன் இறங்கினான். மூட்டையைப் போட்டார்கள். அளவை அதிகாரிக்கு அவன் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் இதை எழுதும் நாள்வரை வரவில்லை.

அன்றோடு குடியை விட்டான். வியர்த்துக் கொட்டியது, தூக்கம் போனது, ஆனால் விட்டான். விடமுடியாதது ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. அந்த அறிவுதான் அவனை மிக மோசமாகக் குத்தியது. போடியார்கள் போத்தலை நீட்டினார்கள், மறுத்தான். “எங்கட கையால வாங்கக் கூடாதோ?” என்று கோபித்தார்கள். இரண்டு பேர் அடுத்த போகத்துக்கு வேறு மெசின் பிடித்தார்கள்.

வைகாசிக் கடைசியில் கண்டியில் இரண்டு கட்டில்கள் அடுத்தடுத்த அறைகளுக்குள் தள்ளப்பட்டன. தாயும் மகளும். இரண்டு பேரும் பிழைத்தார்கள். முருகன் காப்பாற்றினான் என்று ஊர் சொன்னது. ஆறு மணிநேரம் நின்ற காலில் நின்று தைத்த மனிதர்களின் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதம் பொறுத்திருந்துவிட்டு, ஒரு சிறுநீரகப் பெண் தங்களுக்குச் சரிவராது என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். ஒன்று போதும், பிள்ளை பெறலாம், நூறு வயதுவரை இருக்கலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் பிரஷாந்தி கொண்டுபோய்க் காட்டினாள். மாப்பிள்ளையின் தாய் அதை வாங்கிப் படிக்கவும் இல்லை. “எங்களுக்கு முழுப் பிள்ள வேணும்” என்றாளாம்.

ஆவணியில் ஒரு மத்தியானம் புவனேந்திரன் வாவியைக் கடந்து அக்காவிடம் போனான். இளைத்திருந்தான். காற்சட்டையை நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தான். முதல் நாள்தான் மருந்தகத் தராசில் நின்று பார்த்திருந்தான். அதைச் சொல்லக் கூடாது என்று வழி முழுவதும் நினைத்துக்கொண்டு வந்தவன், வாசலில் அக்காவைக் கண்டதும் சொல்லிவிட்டான்.

“அக்கா, நேத்து எண்பத்துநாலு. மருந்தகத்தில.”

அஜந்தா வாய்க்கவசம் போட்டிருந்தாள். கண்கள் மட்டும் தெரிந்தன. கண்ணைச் சுற்றிய வீக்கம் போய் நெற்றியில் நல்ல நிறம் வந்திருந்தது. அவள் திரும்பி உள்ளே போனாள். அறைக்குள்ளிருந்து பிரஷாந்தி, விலாப் பக்கத்தைக் கையால் அழுத்தியபடி வந்து தண்ணீர்ச் செம்பை அவனருகில் வைத்தாள். மாமா என்று கூப்பிடாமல் திரும்பிப் போனாள்.

அக்கா சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தாள். சோறு, குவியலாக. கணவாய்க் கறி, பருப்பு, பொரித்த மீன். கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“சாப்பிடு தம்பி” என்றாள். “இனி நீ மெலிஞ்சு ஒண்டுக்கும் தேவை இல்ல.”

குரலில் கோபம் இல்லை. பசி கிடந்த பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். கோப்பை பாதி முடியுமுன் அவள் எழும்பிப் போய் இன்னும் ஒரு அகப்பை கொண்டுவந்து போட்டாள்.